வயசோடு நூறு: மாமா போட்ட கணக்கு

கேள்வி: "டாக்டர், நாங்கள் தண்டையார்பேட்டை. எங்க நைனாவுக்கு 66 வயது. ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆறு மாதத்துக்கு முன்பு கண் ஆபரேஷனுக்குப் போன இடத்தில் பிரஷர் 168/74 என்று சொல்லி, அம்லோடிபின் 5 மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டார். 138க்கு வந்தது. ஆனால் கணுக்கால் வீங்கியது. 'மாத்திரை கிட்னியைக் கெடுக்குது' என்று அவராகவே நிறுத்திவிட்டார். நிறுத்திய நாலாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் பார்த்தபோது 142தான் இருந்தது. 'பாத்தியா, மாத்திரையே தேவையில்ல' என்றார். போன வாரம் மறுபடி 170/76. எங்க மாமா, 'வயசோட நூறு சேத்துக்கோ, 166 வருதில்ல? அது நார்மல்தான். கீழ இருக்கிற நம்பர்தான் முக்கியம்' என்கிறார். நைனாவுக்குத் தலைவலி, மயக்கம் எதுவும் கிடையாது. முட்டிவலிக்கு மட்டும் அடிக்கடி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். யார் சொல்வது சரி? ஒரு தடவை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதாமே? அம்மா கேட்கச் சொன்னது: கருவாட்டுக் குழம்பை நிறுத்தணுமா?"

பதில்:

முதலில் மாமாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கணக்கு அவர் கண்டுபிடித்தது இல்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னது. வயசானால் பிரஷர் ஏறத்தான் செய்யும், ஏறினால்தான் மூளைக்கு ரத்தம் போகும், அதைக் குறைப்பதுதான் ஆபத்து என்று நினைத்த தலைமுறை ஒன்று இருந்தது. கீழ் நம்பர்தான் முக்கியம் என்பதும் அவர்கள் சொன்னதுதான். எனக்குப் பாடம் நடத்திய மூத்த வாத்தியார்கள் சிலர்கூட, கேஸ் ஷீட்டில் முதலில் கீழ் நம்பரைத்தான் தேடுவார்கள். அந்த நினைப்பு மருத்துவமனைகளில் இருந்து போய்விட்டது. தெருவில் இன்னும் இருக்கிறது.

அது ஏன் தப்பு என்று புரிந்துகொள்ள, அந்த இரண்டு நம்பரும் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம்.

1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு குதிரையின் தமனியில் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயில்) நீளமான கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்ததை அதில் எழுதியிருக்கிறார். எட்டடிக்கு மேல் ஏறியது. அதே குழாயை மனிதர்களுக்குச் செருகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். (வேண்டாம், சும்மா கணக்குக்குத்தான்.) மேல் நம்பர் 120 உள்ளவருக்கு ரத்தம் சுமார் ஐந்தடி ஏறும். உங்கள் நைனாவுக்கு ஏழடி. அவர் நிற்கும்போது தலைக்கு மேலே போகும். அவருடைய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அந்தக் கூடுதல் இரண்டடிக்கும் சேர்த்து ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை. அவருக்குத் தலைவலி இல்லை என்பதால் அந்த வேலை இல்லாமல் போய்விடாது.

இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும் நொடியில் தமனிச் சுவர் மேல் விழும் அழுத்தம் மேல் நம்பர். அடுத்த துடிப்புக்கு முன்னால், இதயம் ஓய்ந்திருக்கும்போது தமனியில் மிச்சமிருக்கும் அழுத்தம் கீழ் நம்பர். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதயம் ஓய்ந்திருக்கும்போதும் அழுத்தம் எப்படி மிச்சமிருக்கிறது?

உங்கள் பக்கத்தில் அடிபம்பு இருந்த காலம் நினைவிருந்தால் இது சுலபமாகப் புரியும். பம்பு வாயில் இரும்புக் குழாய் இருந்தால், அடிக்கும்போது தண்ணீர் சீறிக்கொண்டு வரும், கையை மேலே தூக்கும்போது நின்றுவிடும். நல்ல இழுவையுள்ள ரப்பர் டியூப்பை மாட்டி, அதன் நுனியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால்? அடிக்கும்போது டியூப் உப்பிக்கொள்ளும். கை மேலே போகும்போது உப்பிய டியூப் சுருங்கி, தண்ணீரைத் தொடர்ந்து விடும். சீறலும் குறையும், ஓட்டமும் நிற்காது. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி அந்த ரப்பர் டியூப் மாதிரி. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சுமார் 70 மில்லி ரத்தத்தைத் தள்ளும்போது, மகாதமனி விரிந்து அதில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இதயம் ஓயும் நேரத்தில் உடம்புக்குக் கொடுக்கிறது.

அந்த ரப்பர் குணம் எலாஸ்டின் என்ற நாரால் வருவது. பெரியவர்கள் உடம்பில் அது புதிதாக அவ்வளவாக உருவாவதில்லை. குழந்தையில் கிடைத்ததை வைத்துத்தான் ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். 66 வருடத்தில் உங்கள் நைனாவின் மகாதமனி சுமார் 240 கோடி தடவை விரிந்து சுருங்கியிருக்கிறது. நார் தளர்ந்து, அறுந்து, அந்த இடத்தில் விறைப்பான சதையும் சுண்ணாம்பும் சேர்ந்துவிடுகின்றன. பீடி, சிகரெட், சர்க்கரை, உப்பு, வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட பிரஷர் எல்லாம் அதைச் சீக்கிரமாக்கும். ரப்பர் டியூப் மெல்ல மெல்ல இரும்புக் குழாய் ஆகிறது.

இரும்புக் குழாய் ஆனால் என்ன நடக்கும்? அடிக்கும்போது சீறும்: மேல் நம்பர் ஏறும். கை தூக்கும்போது வற்றும்: கீழ் நம்பர் இறங்கும். 55, 60 வயதுக்கு மேல் பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இதுதான். அதனால் 168/74இல் அந்த 74ஐப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். 94 வருகிறது. 40 பக்கம் இருக்க வேண்டிய இடைவெளி அது. 60ஐத் தாண்டினாலே தமனி விறைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். மாமா கூட்டல் போட்டார். இந்த வயதில் போட வேண்டியது கழித்தல்.

இதனால் இதயத்துக்கு இரண்டு பக்கமும் அடி. ஒன்று, ஒவ்வொரு தடவையும் அதிக பலத்தோடு தள்ளித் தள்ளி இடது கீழ் அறையின் தசை தடித்துப்போகிறது. வியாசர்பாடி பக்கம் பாக்ஸிங் பழகும் பையன்களுக்குத் தசை தடித்தால் பெருமை. இதயத்துக்கு அப்படி இல்லை. தடித்த தசை சரியாகத் தளராது. தளராத அறையில் ரத்தம் நிறையாது. கடைசியில் அது மூச்சிரைப்பில் வந்து நிற்கும். இன்னொன்று, இடது பக்கத் தசைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் அது ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் போகிறது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தட்டை எடுக்கும் உங்கள் அம்மா மாதிரி. அந்த நேரத்தில் அழுத்தம் வற்றிப்போனால், வேலை கூடிய தசைக்குச் சாப்பாடு குறைகிறது. மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மெல்லிய குழாய்கள், மகாதமனி தாங்கிக்கொள்ள வேண்டிய சீறலைத் தாங்களே வாங்கிக்கொள்கின்றன. 'வாதம் அடிச்சிடுச்சு' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது.

சரி, வயசானவர்களுக்கு மேல் நம்பரை மட்டும் குறைத்தால் பலன் உண்டா? மாமா கேட்க வேண்டிய கேள்வி இது. அமெரிக்காவில் 60 வயது தாண்டிய 4,736 பேரை எடுத்துக்கொண்டு ஒரு ஆராய்ச்சி நடந்தது. எல்லோருக்கும் மேல் நம்பர் 160க்கு மேல், கீழ் நம்பர் 90க்குக் கீழ். அதாவது உங்கள் நைனாவேதான். பாதிப் பேருக்கு குளோர்தாலிடோன் என்ற விலை மலிவான நீர் மாத்திரையில் (உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுவது) ஆரம்பித்து வைத்தியம் பார்த்தார்கள். மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. 1991இல் முடிவு வந்தது. ஐந்து வருடத்தில் மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு 8 பேருக்குப் பக்கவாதம் வந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் 5 பேருக்கு. மூளைக்கு ரத்தம் போகாமல் கெட்டுவிடும் என்ற பயம் அன்றோடு போயிற்று. நூறில் மூன்று பேர்தானே என்று தோன்றலாம். அந்த மூன்று பேரில் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட குடும்பத்திடம் அப்படிச் சொல்ல முடியாது.

எனக்கு இராயபுரத்தில் ஒருவரைத் தெரியும். காசிமேட்டில் மீன் ஏலம் கூவியவர். நாலு மணிக்கு அவர் குரல் கேட்டால்தான் பாதிப் பேர் கூடையைத் தூக்குவார்கள். பிரஷர் 170க்குக் குறைந்ததில்லை. 'எனக்கு ஒண்ணுமே பண்ணல சார்' என்பார், உண்மையாகவே ஒன்றும் பண்ணவில்லை. ஒரு நாள் காலையில் டீ கிளாஸ் கையிலிருந்து நழுவியது. இப்போது கை கொஞ்சம் தேறிவிட்டது. குரல் வரவில்லை.

இனி உங்கள் நைனா மாத்திரையை நிறுத்திய கதைக்கு வருவோம். கணுக்கால் வீங்கியதும் பயந்துபோனது இயல்பு. ஆனால் அம்லோடிபினில் வரும் வீக்கம் பெரும்பாலும் கிட்னி கெட்டதால் வருவதில்லை. அந்த மருந்து சிறு தமனிகளைத் தளர்த்துகிறது. அந்த அளவுக்குச் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்களை, தளர்த்துவதில்லை. ரத்தம் சுலபமாக உள்ளே வருகிறது, வெளியேறும் வழி பழைய அகலத்திலேயே இருக்கிறது. அதனால் நீர் கசிந்து காலில் தங்குகிறது. டோஸ் கூடக் கூட வீக்கமும் கூடும். இதற்கு வழி இருக்கிறது: டோஸைக் குறைக்கலாம், டெல்மிசார்டான் போன்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்க்கலாம் (அது சிரைகளையும் தளர்த்துவதால் வீக்கம் வடியும்), அல்லது வேறு மருந்துக்கு மாறலாம். எதுவானாலும் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய்த்தான். ஒரு காலில் மட்டும் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், முகமும் சேர்ந்து வீங்குவது என்றால் அது வேறு விஷயம், உடனே காட்ட வேண்டும்.

நிறுத்திய நாலாம் நாளும் 142 இருந்தது அல்லவா? அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நாலாம் நாளும் மருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. ஹார்பரில் இருந்தவருக்குச் சொல்லுங்கள்: இன்ஜினை நிறுத்தினாலும் கப்பல் கொஞ்ச தூரம் போகும் இல்லையா, அது மாதிரி. அவர் பார்த்த 142 மாத்திரை கொடுத்த 142.

முட்டிவலி மாத்திரையைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் பயமாக இருந்தது அந்த வரிதான். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தங்க வைக்கும், பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். கிட்னியைப் பற்றி நைனா கவலைப்பட வேண்டுமென்றால் அம்லோடிபினை விட்டுவிட்டு இதைப் பற்றிக் கவலைப்படட்டும். நாளைக்கு டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சேர்ந்தால், இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பில் இருப்பது சிறுநீரகத்துக்கு நேரடியான ஆபத்து. மூட்டை தூக்கி, ஏணி ஏறித் தேய்ந்த முட்டிக்கு வலி இல்லாமல் இருக்காது, தெரியும். பாரசிட்டமால், தைலம், தொடைத் தசைக்குப் பயிற்சி, எடையைக் குறைப்பது என்று ஆரம்பிக்கலாம். பாரசிட்டமாலையும் தினமும் நிறையப் போட்டுக்கொள்ளக் கூடாது, அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் 'அதே மாத்திரை ரெண்டு குடு' என்று வாங்குவது நிற்க வேண்டும்.

மருந்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் நம்பரைச் சரியாகப் பிடியுங்கள். கண் ஆபரேஷன் பயத்திலும், வெயிலில் நடந்து வந்து மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றபடியும் பார்த்ததை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். நைனாவின் கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள், சின்னப் பட்டை இல்லாத பிரஷரைக் காட்டும். டீ, பீடி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, சாய்மானமுள்ள நாற்காலியில், கால் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். கையை இதயத்தின் மட்டத்தில் மேசை மேல் வைக்க வேண்டும், தொங்கவிட்டால் நம்பர் கூடும். சட்டைக் கை மேலே கட்டாதீர்கள். முக்கியமாக, பட்டை இறுகும்போது யாரும் அவரோடு பேசக் கூடாது, டிவியும் ஓடக் கூடாது. பேச்சே பத்துப் புள்ளி வரை ஏற்றிவிடும். உங்கள் மாமாவை அந்த நேரத்துக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு, நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி. ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளை அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் அது 135/85ஐத் தொட்டாலோ தாண்டினாலோ பிரஷர் இருக்கிறது என்று பொருள். ஏதாவது ஒரு நாள், நைனா எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் நம்பர் 20க்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தமனி விறைத்தவர்களுக்கு எழுந்தவுடன் பிரஷர் இறங்கித் தலை சுற்றி விழும் பழக்கம் உண்டு, அவர்களுக்கு மருந்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். மெஷின் வாங்க வசதியில்லை என்றால் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயரைப் பதிந்துவிட்டால் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். 'வரிசையில நிக்க முடியல' என்ற சாக்கும் போய்விடும்.

அந்த நோட்டோடு போய், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் (கிட்னியின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. இவற்றை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் இலக்கு 140க்குக் கீழே. உடம்பு தாங்கினால் 130 பக்கம். ஒரே வாரத்தில் அங்கே கொண்டுபோக வேண்டும் என்று யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். வாரக்கணக்கில் மெதுவாக இறங்குவதுதான் நல்லது. மேல் நம்பர் ஒரு நாள் 180ஐத் தாண்டிவிட்டது, ஆனால் வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்றால், உட்கார வைத்து அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, அன்றோ மறுநாளோ டாக்டரிடம் காட்டுங்கள். நாக்குக்கடியில் மாத்திரை வைத்துச் சட்டென்று இறக்கும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்படி இறக்கியதாலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை தூக்க முடியாதது, இவற்றில் எது வந்தாலும் பிரஷர் மெஷினைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். 108க்குக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு. உங்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான். வாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

ஆயுசுக்கும் மாத்திரையா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன்: அநேகமாக ஆமாம். 40 வயதில், எடை கூடிப்போய் பிரஷர் வந்தவர் எடையைக் குறைத்து, உப்பைக் குறைத்து, நடந்து, குடியை விட்டு, மாத்திரையிலிருந்து வெளியே வந்ததை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் நைனாவுக்கு இவையெல்லாம் மாத்திரையின் எண்ணிக்கையைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. விறைத்த குழாய் திரும்ப ரப்பர் ஆகாது. அதற்காக மாத்திரைக்கு அடிமை ஆகிவிட்டார் என்று சொல்லாதீர்கள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு படிக்கக் கண்ணாடி போடுகிறார் அல்லவா, அதைக் கழற்றினால் எழுத்து மங்குகிறது. யாரும் அவரைக் கண்ணாடிக்கு அடிமை என்பதில்லை.

கருவாட்டுக் குழம்பு. அம்மாவிடம் நேராகவே சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குக் கீழே உப்பு, ஒரு டீஸ்பூன் அளவு, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சாதத்திலும் சாம்பாரிலும் போடுவது, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், சாயங்கால பஜ்ஜி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். கருவாடு உப்பிலேயே வாழ்ந்தது. வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்துக் கழுவினால் கொஞ்சம் போகும், முழுக்கப் போகாது. மாதத்துக்கு ஒரு தடவை, குழம்பில் தனியாக உப்பே போடாமல், நைனாவுக்கு ஒரு துண்டு. அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் கிடையாது. மற்ற நாளெல்லாம் காசிமேட்டில் வாங்கிய பச்சை மீனில் புளியும் மிளகும் தூக்கலாக வைத்துக் கொடுங்கள், உப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. கடையில் 'லோ சோடியம்' என்று விற்கும் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். பிரஷருக்கு அது நல்லதுதான், ஆனால் கிட்னி கோளாறு இருந்தாலோ டெல்மிசார்டான் வகை மாத்திரை சாப்பிட்டாலோ ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடலாம். பரிசோதனை முடிவு வரும் வரை அந்தப் பாக்கெட்டை வாங்க வேண்டாம்.